ஜெனரலுக்காகக் கொடுத்த புகைப்படம்

எல்ம் ரிட்ஜ், ஐயோவா
அக்டோபர் 6

அன்புள்ள ஜனெல்,

கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பினால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்று நீ நூறு தடவை சொல்லியாகிவிட்டது. எனக்கு அது கடிதம் மாதிரியே இல்லை. ஆகவே இது ஈராக்குக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும், பொறுத்துக்கொள்.

மக்காச்சோளம் பாதி அறுத்தாகிவிட்டது. மிச்சப் பாதி ஈரத்தில் நிற்கிறது. அதை விடு, பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஜெனரல் லேத்ராப் நம் ஊருக்கு வந்தார்! ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கிற அதே லேத்ராப்தான். ஆர்டிஸ் கடையில் உட்கார்ந்து பன்றி இறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டார். என் மகள் பட்டாளத்தில், ஈராக்கில் இருக்கிறாள் என்று சொன்னதும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்.

அவர் போனதும் ஆர்டிஸ் ஆரம்பித்துவிட்டாள். அவள், அதே தேர்தலுக்கு நிற்கிற கவர்னர் பெல்டன் பக்கம் என்பது உனக்குத் தெரியும்.

"ஏன் வெர்னன், முப்பது வருஷம் பட்டாளத்துல இருந்துட்டா வெளிநாட்டு விவகாரமெல்லாம் தானா வந்துடுமா? நானும் முப்பது வருஷமா முட்டை பொரிக்கிறேன், கோழிப்பண்ணைக்கு மந்திரி ஆக்குவியா என்னை?"

கடையே சிரித்தது. நான் விடவில்லை. "சண்டைன்னா என்னன்னு பாத்தவன்தான் சண்டைக்கு யோசிப்பான். உங்க கவர்னரம்மா துப்பாக்கியைச் சினிமாலதான் பாத்திருக்காங்க" என்றேன். அவள் என் காபிக் கோப்பையை நிரப்பாமலே போய்விட்டாள்.

நம் பூத்துக்கு ஜெனரலின் பொறுப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். நம் கட்சிக்கு ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய ஜனவரி மூன்றாம் தேதி பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம். வாக்குச்சீட்டு கிடையாது, மறைவு கிடையாது. வேட்பாளருக்கு ஒரு மூலை, ஊர் பார்க்க அதில் போய் நின்று தலை எண்ண வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள். இந்தக் கூத்து வேறு எங்கே நடக்கும் சொல்!

உன் அம்மா இருந்திருந்தால், வயதான காலத்தில் உனக்கு எதற்கு இந்த வேலை என்பாள். ஆனால் ஜனெல், பெருமையாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா


அக்டோபர் 21

அன்புள்ள அப்பா,

கடிதம் வந்தது. காபி நின்றுபோனதற்கு என் அனுதாபங்கள். ஆர்டிஸிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்க வீட்டுக் காபியைத்தான் குடிக்க வேண்டியிருக்கும்.

ஜெனரலைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. சீருடையில் இருக்கிறவர்கள் எந்தப் பக்கமும் பேசக்கூடாது என்பது விதி. ஆனால் பொதுவாக ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு மட்டும்.

இங்கே முகாமுக்குத் தண்ணீர் வரவைப்பது என் வேலை. என் ஆட்களிடம் ஐந்து மணிக்கு என்றால் நாலே முக்காலுக்கு நிற்பார்கள். தண்ணீர் லாரிகளை விடுகிறவர் அபு சமீர் என்ற உள்ளூர்க்காரர். ஜூலையில் ஒருநாள் அவர் இரண்டு மணி நேரம் தாமதம். நான் கடிகாரத்தைக் காட்டி, விரல் நீட்டி, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த குரலில் பேசினேன். அவர் சிரித்தார். தலையாட்டினார். போனார். ஆறு நாட்கள் லாரி வரவில்லை. அந்த வெயிலில் நானூறு பேர் குளிக்காமல் கிடந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஹைதர்தான் சொன்னார். "சார்ஜென்ட், அவரோட டிரைவருங்க முன்னாடி வெச்சு அவரைக் கை நீட்டிப் பேசிட்டீங்க. இப்ப அவரு திரும்பி வரணும்னா அவருக்கு ஒரு வழி வேணும். நீங்கதான் அதை உண்டாக்கிக் குடுக்கணும்."

மூன்று நாள் போய் அவர் வீட்டில் தேநீர் குடித்தேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பையன்களின் படிப்பு, மனைவியின் முழங்கால் வலி, இதுதான் பேச்சு. நாலாம் நாள் காலையில் லாரிகள் வாசலில் நின்றன.

பதினோரு வருடப் பட்டாளத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லப்போனால் அந்தப் பதினோரு வருடம்தான் என்னை அப்படிப் பேசவைத்தது. உங்கள் ஜெனரலுக்குத் தேநீர் குடிக்கத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அதைக் கேட்டுப் பாருங்கள். தோளில் இருக்கிற நட்சத்திரங்களை எண்ணாதீர்கள்.

உங்கள்,
ஜனெல்


நவம்பர் 3

அன்புள்ள ஜனெல்,

உண்மையைச் சொல், ஆர்டிஸ் உனக்குத் தனியாகக் கடிதம் போட்டாளா? படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பட்டாளத்தில் இருக்கிற நீயே பட்டாளத்தைக் குறை சொன்னால் நான் ஊரில் யார் முகத்தில் விழிப்பது?

சரி, தண்ணீர் லாரி விஷயத்தில் நீ சொல்வது நியாயம் என்றே வைத்துக்கொள். ஆனால் தண்ணீர் லாரி வேறு, யுத்தம் வேறு. அங்கே ஆட்களை அனுப்பு என்று கையெழுத்துப் போடுகிறவன், சவப்பெட்டியில் ஒரு பையன் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா? லேத்ராப் பார்த்திருக்கிறார். இருபத்திரண்டு வீட்டு வாசலில் போய் நின்று அவரே சேதி சொல்லியிருக்கிறார். கடையில் அவர் வாயாலேயே அதைச் சொன்னார். அந்த ஆள் உன்னைச் சும்மா தூக்கி எங்கேயோ எறிய மாட்டார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கவர்னரம்மா பத்து நாடுகளோடு தானிய வியாபாரம் பேசியவர், கெட்டிக்காரி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில் அவர் நின்றதில்லை.

இப்போது நல்ல சேதி. ஜெனரலின் தேர்தல் அலுவலகத்தில் கோர்ட்னி என்று ஒரு பெண் இருக்கிறாள், படு சுறுசுறுப்பு. வீட்டுக்கு வந்தவள் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிற உன் படத்தைப் பார்த்தாள், சீருடையில் கொடி முன்னால் நிற்பாயே, அதுதான். "ஐயா, இதை எங்களுக்குக் குடுங்களேன்" என்றாள். கொடுத்தேன். துண்டறிக்கை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், பார். 'எங்கள் மகள் அங்கே இருக்கிறாள். நாங்கள் ஜெனரலை நம்புகிறோம்.' உன் பெயர், ஊர் எல்லாம் இருக்கிறது. மாவட்டம் முழுக்க வீட்டுக்கு வீடு போயிருக்கிறது!

கடைத்தெருவில் எல்லோரும் நிறுத்திப் பேசுகிறார்கள். நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய் தெரியுமா அதில்?

அப்பா


நவம்பர் 19

அப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே அந்தக் காகிதத்தை நான் பார்த்துவிட்டேன். கர்னலின் மேஜை மேல் இருந்தது. நம் ஊரிலிருந்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"சார்ஜென்ட் டீட்மன், இது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "இதுக்கு நீங்க சம்மதிச்சீங்களா?" இல்லை என்றேன். "அப்ப யாரு குடுத்தாங்க?"

என் அப்பா என்று சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வயதில், எழுந்து விறைப்பாக நின்றுகொண்டு, எங்கப்பா கொடுத்துட்டாரு சார் என்று சொன்னேன்.

சீருடையில் இருக்கிறவர்கள் எந்தப் பக்கமும் பேசக்கூடாது என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். ஒரு வரிதான், ஆனால் எழுதியிருந்தேன். நீங்கள் படித்தீர்களா, இல்லை உங்களுக்குப் பிடித்த வரிகளை மட்டும்தான் படிப்பீர்களா? விசாரணை ஆரம்பித்திருக்கிறது. அது முடியும்வரை என் பதவி உயர்வை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஜனவரியில் வரவேண்டியது. அதற்காக நான் நாலு வருடம் உழைத்திருக்கிறேன்.

பதவி உயர்வு கிடக்கட்டும். என் முகத்தை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? நான் எழுதிய கடிதத்துக்கு நேர் எதிராக என் முகத்துக்குக் கீழே ஒரு வாக்கியம் போட்டிருக்கிறார்கள். 'நாங்கள்' என்றால் யார்? நான் அதில் இருக்கிறேனா?

உங்கள் ஜெனரலுக்கு இந்த விதி தெரியாதா? முப்பது வருடம் என்கிறீர்களே, முதல் வாரத்திலேயே எங்களுக்கு அதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

ஜனெல்


டிசம்பர் 2

ஜனெல்,

எழுத வேண்டாம் என்றாய். நாலு நாள் தாக்குப்பிடித்தேன். முடியவில்லை.

உன் கடிதத்தைத் தபால்பெட்டிப் பக்கத்திலேயே நின்று படித்தேன். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீடு வீடாகப் போய், அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அறுபத்தோரு வீடு. பாதிப் பேர் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டார்கள். ஆர்டிஸ் தன்னுடையதைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். ஜெனரல் பெயரையும் அந்த வாசகத்தையும் கத்தரித்துவிட்டு உன் முகத்தை மட்டும். "இது எங்க வீட்டுப் பொண்ணு. இதைத் தர மாட்டேன், போ" என்றாள். நான் அவள் கடையில், எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

கோர்ட்னிக்கு போன் போட்டுக் கத்தினேன். மறுநாள் பன்றிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஜெனரலே பேசினார்.

"மிஸ்டர் டீட்மன், தப்பு உங்களோடது இல்ல, என்னோடது. அந்தப் படத்தை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். நல்ல முகமா இருக்கேன்னுதான் தோணுச்சு. அதுக்கு மேல யோசிக்கல. முப்பத்து மூணு வருஷம் அந்த விதியை மத்தவங்களுக்குப் படிச்சுக் காட்டினவன் நான். உங்க பொண்ணோட கர்னலுக்கு நானே எழுதுறேன்."

எழுதிவிட்டாராம். மிச்சமிருந்த காகிதத்தையெல்லாம் கிழித்துப் போடவும் சொல்லிவிட்டார். நான் என்ன சொல்ல? அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்றாய். யாரையும் கேட்கவில்லை. ஏன் கொடுத்தேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

உன் சித்தப்பா வெண்டெல் வியட்நாமில் செத்தான் என்பது உனக்குத் தெரியும். கட்டாயமாகப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த அந்தக் காலத்தில், நான் பண்ணையைப் பார்க்க வேண்டியிருந்ததால் எனக்கு விலக்குக் கிடைத்தது என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். முழுசாகச் சொல்லவில்லை. பண்ணைக்கு ஒரு பையன் போதும், யார் வேண்டும் என்று எழுதிக்கொடு என்று ஆள் எடுக்கிறவர்கள் எங்கள் அப்பாவிடம் கேட்டார்கள். அவர் எங்கள் இருவரையும் சமையலறை மேஜையில் உட்காரவைத்து, "யாரு இருக்கீங்க?" என்று கேட்டார். நான் மூத்தவன். எனக்கு இருபது, அவனுக்குப் பத்தொன்பது. நான் வாயைத் திறக்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வெண்டெல், "அண்ணனே இருக்கட்டும்ப்பா, அவனுக்குத்தான் மெஷினெல்லாம் தெரியும்" என்றான்.

அவன் அங்கே போன இரண்டாம் மாதமே தந்தி வந்தது.

சீருடை போட்டவன் எவனைப் பார்த்தாலும் நாற்பது வருடமாக நான் எழுந்து நிற்கிறேன். பிறகு நீ போனாய். யாரும் அனுப்பாமல், நீயாகவே. அந்தப் படத்தைக் கேட்டபோது, நான் பெற்ற பிள்ளை போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று இருந்தது. உன்னை நினைக்கவில்லை, ஜனெல். என்னைத்தான் நினைத்தேன்.

மன்னித்துக்கொள்.

அப்பா


டிசம்பர் 16

அன்புள்ள அப்பா,

கர்னல் அந்தக் கடிதத்தை எனக்குப் படிக்கக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம். சாக்குப்போக்கு ஒரு வரி இல்லை. விசாரணையை முடித்துவிட்டார்கள், என் மேல் குற்றம் இல்லை. ஜனவரிப் பட்டியல் போய்விட்டதால் பதவி உயர்வு மட்டும் அடுத்த பட்டியலில்தான் வரும். பரவாயில்லை. ஆர்டிஸ் கடைச் சுவரில் என் முகம் இருக்கட்டும்.

உங்கள் ஜெனரல் நல்ல அதிகாரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நாளாக எனக்கு ஒரு யோசனை. அவர் கடிதத்தைக் கர்னல் எழுந்து நின்று படித்தார். அபு சமீர் எழுந்து நிற்க மாட்டார். வெளிநாடு என்றால் அவ்வளவு பேரும் அபு சமீர்கள்தான், அப்பா. ஒருத்தருக்கும் நம்மைக் கண்டு எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. முப்பத்து மூன்று வருடம் எல்லோரும் எழுந்து நின்ற ஒருவருக்கு அது பழகுமா? தெரியவில்லை. தப்பு என்னோடது என்று சொன்னாரே, அந்தக் குணம் எந்த நாட்டிலும் உதவும். ஆனால் அதைப் பட்டாளம்தான் கொடுத்தது என்று சொல்லாதீர்கள். இதே பட்டாளத்தில் அது இல்லாத பத்துப் பேரை நான் இப்போதே காட்டுவேன். நீங்கள் யாருக்காக வேண்டுமானாலும் நில்லுங்கள். எனக்காக என்று சொல்லி மட்டும் நிற்காதீர்கள்.

வெண்டெல் சித்தப்பா பற்றி எழுதியதை ஐந்தாறு தடவை படித்தேன். உங்களுக்கு இருபது வயதுதானே. இங்கே என்னிடம் இருபது வயதுப் பையன்கள் பதினாலு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் படித்தேன். எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை.

நானும் ஒன்று சொல்கிறேன். போன வாரம் லாரிகளோடு போகும்போது எனக்கு முன்னால் போன வண்டி வெடித்தது. அதில் இருந்தவன் பெயர் டிராவிஸ். எல்லாம் முடிந்து முகாமுக்கு வந்த பிறகு என் கை நடுங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தேநீர்க் கோப்பையை என்னால் பிடிக்க முடியவில்லை. ஹைதர் கோப்பையை என் வாயருகே பிடித்துக்கொண்டார், குழந்தைக்குக் கொடுப்பது போல. இதை யாரிடமும் சொல்லாதீர்கள். ஆர்டிஸிடம்கூட. யாரிடமும்.

அப்புறம் நேற்று உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், நான் வந்ததிலிருந்து எழுதியது எல்லாம். சோளம், மழை, ஜெனரல், ஆர்டிஸ். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒன்றில்கூட இல்லை. என்னைப் பற்றி நீங்கள் பெருமைப்பட்டு எழுதும்போதெல்லாம், நான் எதையும் சொல்ல முடியாமல் போய்விடுகிறது.

ஜனெல்


ஜனவரி 4

அன்புள்ள ஜனெல்,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன், வேறு யாராவது மாற்றிச் சொல்வதற்குள்.

ஜிம்முக்கு ஐம்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரு மூலை நிற்க வேண்டுமானால் ஒன்பது தலை வேண்டும். ஜெனரல் மூலையில் நாங்கள் எட்டுப் பேர். ஒரே ஓர் ஆள் குறை. ஆள் சேர்க்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். கவர்னரம்மா மூலையில் முப்பதுக்கு மேல் இருந்தார்கள், ஆர்டிஸ் அங்கே இலவங்கப்பட்டை ரொட்டியைத் தட்டில் வைத்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் சட்டத்தில் உண்டா என்று கேட்டேன். "ரொட்டி சாப்பிடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றாள்.

கடைசியில் லைல் ஃபென்ஸ்கி மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் பேரனுக்கும் மார்ச்சில் அங்கே போக உத்தரவு வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டான்.

"வெர்னன், எனக்கு இந்தப் பேச்செல்லாம் வேணாம்ப்பா. அங்க இருக்கிறவ உன் பொண்ணு. அவ என்ன சொல்றா? ஜெனரல்னு அவ சொன்னான்னா சொல்லு, இப்பவே எந்திரிச்சு வர்றேன்."

உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. கோர்ட்னி என் காதோரம் வந்தாள். "ஐயா, அவங்க கடிதம் இருக்குல்ல? அங்க நடக்கிறதைப் பத்தி ஒரு நாலு வரி வாசிங்க, போதும். யாரு பக்கம்னுகூட சொல்ல வேணாம். அவரு வந்துடுவாரு." அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்னது நடந்திருக்கும். டிராவிஸைப் பற்றியும் உன் கையைப் பற்றியும் நாலு வரி வாசித்திருந்தால் லைல் மட்டுமல்ல, பாதி ஜிம் எங்கள் மூலைக்கு வந்திருக்கும்.

என் கை பைமேல்தான் இருந்தது. கடிதத்தை எடுக்கவில்லை.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "லைல், ஜனெல் யாரு பக்கமும் இல்ல. நீங்கல்லாம் பாத்தீங்களே அந்தக் காகிதம், அதுல அவ முகத்தை நான்தான் போட்டேன், அவளைக் கேக்காம. அவ என்ன நினைக்கிறான்னு நான் சொல்றதுக்கில்ல. நான் ஜெனரலுக்கு நிக்கிறேன், ஏன்னா தப்புன்னா தப்புன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு. பட்டாளத்துல இருந்ததுக்காக இல்ல. முன்னாடி அதுக்காகத்தான் நின்னேன்."

லைல் எழுந்து மெதுவாகக் கவர்னரம்மா பக்கம் போனான். எங்கள் மூலையைக் கலைத்தார்கள். மற்ற ஏழு பேரும் வேறு மூலைகளுக்குப் பிரிந்து போனார்கள். கோர்ட்னி என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். நான் எங்கும் போகவில்லை. லைல் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆர்டிஸ் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒரு ஜெனரல் எத்தனை யுத்தம் பார்த்தார், எத்தனை வாசலில் நின்றார் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கேயே இருக்கிற என் மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று எனக்குப் பயம், ஜனெல். வேறு காரணம் இல்லை.

இப்போது கேட்கிறேன். தூங்குகிறாயா? என்ன சாப்பிடுகிறாய்? கை நடுக்கம் நின்றதா? டிராவிஸ் எந்த ஊர்ப் பையன்? அடுத்த தடவை லாரிகளோடு நீதான் போக வேண்டுமா?

உனக்குப் பயமா இருக்காம்மா?

அப்பா


ஜனவரி 17

அப்பா,

இருக்கு. ரொம்ப இருக்கு.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பதினாறு பக்கம் எழுதியிருக்கிறேன்.